மறப்பவர் ஒருவர், சுமப்பவர் யார்? அல்சைமர் நோயும் நம் குடும்பங்களும்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு எப்படி இருக்கும் என்பதை இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள். பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்தப்படும். பழகிய தெருவே அன்று வேறு தெருவாகத் தெரியும்.

அப்படியோர் இரவில், மஃரிப் தொழப் போன எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இஷா முடிந்த பிறகும் வீடு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வருடமாக அவர் நடந்து போய் வந்த பள்ளிவாசல் அது. மகன் ஒரு பக்கம் தேடுகிறார், பேரன் ஒரு பக்கம் தேடுகிறான். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் பெரியவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சட்டைப்பையில் இருந்த சீட்டைப் பார்த்து போன் செய்கிறார். வீட்டுக்கு வந்த பெரியவர், "நான் எங்கேயும் போகலையே" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை.

அன்றிரவு வீட்டில் எல்லோரும் அவரைப் பற்றியே பேசுவார்கள். "வயசாயிடுச்சு, இனிமே தனியா அனுப்பாதீங்க" என்று உறவினர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் அனுப்பாமல் பார்த்துக்கொள்வது யார்? பகலும் இரவும் கதவைக் கவனிப்பது யார்? இந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

முதுமை வேறு, நோய் வேறு

வயதானால் சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது இயல்பு. சாவி எதற்கு என்பதே மறந்து போவது இயல்பல்ல. நினைவு, சிந்தனை, பேச்சு, முடிவெடுக்கும் திறன் ஆகியவை அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்குக் குறைந்துகொண்டே போவதை மருத்துவர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். தமிழில் மறதி நோய் என்கிறோம். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முதன்மையானது அல்சைமர். டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்கு அல்சைமர் காரணமாக இருக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது.

1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், ரயில்வே ஊழியர் ஒருவர் தன் மனைவியை மனநல மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்தார். அந்தப் பெண்ணுக்கு வயது 51. மறதி, காரணமில்லாத சந்தேகம், இரவில் தூக்கமின்மை. கணவரால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 1906இல் அவர் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மூளை சுருங்கியிருந்தது. நரம்பு செல்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே சிக்கிக்கொண்ட நூல் போன்ற இழைகளும் இருந்தன. 1910இல் இந்த நோய்க்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது.

இன்று அந்தப் படிவுகள் அமிலாய்டு என்ற புரதம் என்றும், இழைகள் டௌ என்ற புரதம் என்றும் அறிந்திருக்கிறோம். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியைத்தான் பெரும்பாலும் நோய் முதலில் தாக்குகிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகிறது, ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணம் நினைவிருக்கிறது. அறிகுறி வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளைக்குள் மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன.

ஆக, இது பிடிவாதம் அல்ல, நடிப்பு அல்ல, ஷைத்தானின் தீண்டலும் அல்ல. மூளை செல்கள் அழிவதால் வரும் நோய். தாயத்துக்கும் தகட்டுக்கும் அலைந்து நாட்களைக் கடத்தும் குடும்பங்கள் இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பக்கத்து மாவட்டம் கற்றுக்கொடுத்த பாடம்

"இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க நோய், நம்ம ஊர்ல ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

1998இல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் '10/66' என்ற குழுவைத் தொடங்கினார்கள். மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சியில் 10 சதவீதம் கூட அங்கே நடக்கவில்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அந்தக் குழு தன் பெரிய ஆய்வுக்கு இந்தியாவில் தேர்ந்தெடுத்த இடங்கள் இரண்டு. நகர்ப்புறத்துக்குச் சென்னை, கிராமப்புறத்துக்கு வேலூர். 1989 வரை நாமும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான். அவர்கள் கதவைத் தட்டிய கிராமங்களும் நம் கிராமங்களும் வாழ்க்கைமுறையில் ஒன்றே.

2008இல் அந்த முடிவுகள் வெளியாயின. அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அளவுகோலை வைத்துப் பார்த்தபோது இங்கே நோயாளிகள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. ஆனால் நம்மைப் போன்ற சமூகங்களுக்கென்று உருவாக்கிய அளவுகோலை வைத்துப் பார்த்தபோது எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. ஏன் இந்த வித்தியாசம்? முதல் அளவுகோல், மறதியால் அவருடைய அன்றாட வேலை கெட்டிருக்கிறதா என்று குடும்பத்தாரிடம் கேட்கிறது. நம் வீடுகளில் பெரியவர்களுக்கு வேலையே கொடுப்பதில்லை. சாப்பாடு கைக்கு வருகிறது, மாத்திரையை மருமகள் எடுத்துக் கொடுக்கிறார், வங்கிக்கு மகன் போகிறார். குறை வெளியே தெரிய வாய்ப்பே இல்லை. தெரிந்தாலும், 'வயதானால் இப்படித்தான்' என்று குடும்பம் அதைக் குறையாகச் சொல்வதில்லை.

நம் அன்பே நோயை மூடி வைக்கிறது என்பதுதான் இதில் கிடைக்கும் பாடம். பெரியவரைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் நல்லது. ஆனால் அந்தப் பழக்கத்தாலேயே மருத்துவரிடம் போவது சில வருடங்கள் தள்ளிப்போகிறது.

பின்னர் நாடு தழுவிய அளவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது அதிகம். உங்கள் மஹல்லாவில் அறுபதைத் தாண்டியவர்கள் நூறு பேர் இருந்தால், இந்தக் கணக்குப்படி ஏழு வீடுகளில் இந்த நோய் இருக்கலாம். அவர்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்?

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

- ஒரே கேள்வியைச் சில நிமிடங்களுக்குள் திரும்பத் திரும்பக் கேட்பது
- பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது
- பழகிய வேலையில் தடுமாறுவது. உதாரணமாக, காலமெல்லாம் பிரியாணி சமைத்த கைக்கு உப்புப் போட்டோமா என்பதே தெரியாமல் போவது
- பணத்தை எண்ணுவதிலும் கணக்கிலும் குழப்பம்
- பொருட்களை விசித்திரமான இடத்தில் வைத்துவிட்டு, திருடிவிட்டார்கள் என்று வீட்டாரைக் குற்றம் சாட்டுவது
- சொல் கிடைக்காமல் பேச்சைப் பாதியில் நிறுத்துவது
- கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கிப் போவது, சாந்தமானவர் கோபக்காரராக மாறுவது

இவற்றில் சில, ஆறு மாதமாகக் கூடிக்கொண்டே வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு முக்கியமான வேறுபாடு: அல்சைமர் மெல்ல மெல்ல வருவது. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால், ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினால், அது வேறு. சிறுநீர்த் தொற்று, உடலில் உப்புச்சத்துக் குறைவு, சர்க்கரை தாழ்ந்து போவது, பக்கவாதம் போன்றவை காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

மறதிக்கு உள்ள காரணங்களில் சரிசெய்யக்கூடியவையும் உண்டு. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மன அழுத்த நோய், தலையில் அடிபட்டு உறைந்த ரத்தம், சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவற்றைக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்தால் நினைவு மேம்படலாம். இதற்காகவே பரிசோதனை அவசியம்.

அல்சைமரை முழுவதுமாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டைன் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைக் கட்டுக்குள் வைக்கின்றன. அமிலாய்டு படிவை நீக்கும் லெகனெமாப், டொனனெமாப் ஆகிய மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2023, 2024ஆம் ஆண்டுகளில் அனுமதி கிடைத்தது. அவையும் ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு நோயின் வேகத்தை ஓரளவு குறைப்பவைதான். மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு போன்ற ஆபத்துகள் உண்டு. எனவே ஒரே மாதத்தில் குணம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

முதலில் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். மேல் பரிசோதனைக்கு வேலூர் சி.எம்.சி., சென்னை கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையம், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவை இருக்கின்றன. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் நிறுவனம் மறதி நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் வழிகாட்டி வருகிறது. முதியோர் உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416. இந்த இரண்டுமே இலவச அரசு சேவைகள்.

அவருடைய உலகத்துக்குள் நாம் போக வேண்டும்

மறதி நோயாளியைத் திருத்த முயல்வதுதான் வீடுகளில் நடக்கும் முதல் தவறு. "அம்மா எங்கே?" என்று எண்பது வயதுப் பெரியவர் கேட்கிறார். "உங்கம்மா மவுத்தாகி முப்பது வருஷமாச்சு" என்று நாம் சொல்கிறோம். அவருக்கு அது அப்போதுதான் வந்த மரணச் செய்தி. அழுகிறார். அரை மணி நேரம் கழித்து மறந்துவிட்டு மறுபடி கேட்கிறார். நாம் மறுபடி சொல்கிறோம், அவர் மறுபடி அழுகிறார். அதற்குப் பதில், "அம்மா ஞாபகம் வந்துடுச்சா அத்தா? அவங்க என்ன சமைப்பாங்க, சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பொய்யும் இல்லை, வேதனையும் இல்லை.

மாலை சாயும் நேரத்தில் பல நோயாளிகளுக்குப் பதற்றம் கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு கிளம்புவார்கள். அஸருக்குப் பிறகே விளக்கைப் போட்டுவிடுவது, டிவி சத்தத்தைக் குறைப்பது, கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் சிறிது நேரம் நடந்துவிட்டு வருவது உதவும். "இதுதானே உங்க வீடு" என்று வாதாடினால் பதற்றம்தான் கூடும்.

வீட்டில் செய்ய வேண்டிய சிறு மாற்றங்களும் உண்டு. கழிவறைக் கதவில் படம் ஒட்டுங்கள். குளியலறையில் பிடிகம்பி வையுங்கள். சமையல் கேஸை உபயோகித்த உடனே ரெகுலேட்டரில் மூடுங்கள். மாத்திரைகளை எட்டாத இடத்தில் வையுங்கள். சட்டைப்பையில் சீட்டு வைத்தால் தொலைந்துவிடும், உடையின் உட்பக்கத்தில் போன் எண்ணைத் தைத்துவிடுங்கள். பௌர்ணமி, கார்த்திகை தீப நாட்களில் அவரைத் தனியே அனுப்பவே வேண்டாம். காணாமல் போனால், 'கொஞ்சம் பார்ப்போம்' என்று காத்திருக்காமல் உடனே 112க்குச் சொல்லுங்கள். சமீபத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று எப்போதும் போனில் இருக்கட்டும்.

கிரிவலப் பாதையிலும் பேருந்து நிலையத்திலும் யாருமற்று உட்கார்ந்திருக்கும் முதியவர்களை நாம் கடந்து போகிறோம். அவர்களில் ஒருவர், எங்கோ ஒரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கும் மறதி நோயாளியாக இருக்கலாம். நம் அத்தாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த டீக்கடைக்காரர் எந்த மதம் என்று நாம் கேட்கவில்லை. நாமும் கேட்காமல் நின்று விசாரிப்போம்.

தொழுகையும் நோன்பும்

நம் குடும்பங்களில் அதிகம் வேதனை தருவது இதுதான். வாழ்நாள் முழுதும் தஹஜ்ஜுத் தொழுதவர் இன்று ரக்அத்தை மறக்கிறார். உளூ செய்யாமல் தொழுகைக்கு நிற்கிறார். லுஹரை மூன்று முறை தொழுகிறார். "இப்படி ஆயிட்டாங்களே" என்று வீட்டார் கலங்குகிறார்கள். சிலர் அதட்டுகிறார்கள்.

மனிதர்களில் சிலர் தள்ளாத வயதுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அறிந்த பின்னும் எதையும் அறியாதவர்களாக ஆகிவிடுவதை அல்லாஹ் திருமறையின் 16:70, 22:5 வசனங்களில் சொல்லிக் காட்டுகிறான். அத்தகைய தள்ளாமையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். எனவே இது ஈமானின் குறைவால் வருவதல்ல. தூங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, புத்தி நீங்கியவர் தெளிவடையும் வரை அவர்கள் மீது எதுவும் எழுதப்படுவதில்லை என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூதில் இடம்பெற்றிருக்கிறது. அல்லாஹ்வே கணக்குக் கேட்காத ஒருவரிடம் நாம் கணக்குக் கேட்டு அதட்டுவது நியாயமா?

நோயின் எந்தக் கட்டத்தில் என்ன சட்டம், நோன்புக்கு ஃபித்யா உண்டா என்பதை உங்கள் ஆலிமிடம் நோயாளியின் நிலையை விளக்கிக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரிடமும் கேளுங்கள்.

அதே நேரம், அவரைத் தொழுகையிலிருந்து விலக்கிவிடவும் வேண்டாம். சிறு வயதில் மனனம் செய்தவை பலரிடம் நீண்ட காலம் நிற்கின்றன. மகனின் பெயரை மறந்தவர் ஃபாத்திஹாவைத் தடையில்லாமல் ஓதுவது உண்டு. பக்கத்தில் நின்று தொழவைத்தால் உங்களைப் பார்த்து அவர் குனிவார், நிமிர்வார். தவறினால் தவறட்டும். அந்தச் சில நிமிடங்கள் அவர் அமைதியாக இருப்பார். அதுவே பெரிய பாக்கியம்.

யாரும் நலம் விசாரிக்காத இன்னொருவர்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சுமப்பவர் யார்?

உலக அளவில் மறதி நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதத்தைப் பெண்களே கொடுக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. நம் வீடுகளில் அது மனைவி, மகள், அல்லது மருமகள்.

அவருடைய ஒரு நாளைப் பாருங்கள். இரவில் நான்கு முறை எழுந்து கதவைப் பார்க்கிறார். அதிகாலையில் நனைந்த படுக்கையை மாற்றுகிறார். குளிக்க மறுப்பவரைக் கெஞ்சிக் குளிக்க வைக்கிறார். ஊட்டிய சோற்றை அவர் துப்புகிறார். பத்து நிமிடத்தில், "எனக்குச் சோறே போடல" என்று வந்தவரிடம் எல்லாம் சொல்கிறார். "என் நகையை இவதான் எடுத்துட்டா" என்கிறார். உறவினர்களில் சிலர் அதை நம்பவும் செய்கிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போய் மாதங்கள் ஆகின்றன. முதுகுவலிக்கு மருத்துவரைப் பார்க்க நேரமில்லை. நோயாளியைப் பராமரிப்பவர்களுக்கு மன அழுத்தமும் பதற்றமும் அதிகம் வருவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அவர் ஒரு நாள் பொறுமை இழந்து சத்தம் போட்டுவிட்டு, பிறகு முஸல்லாவில் அமர்ந்து அழுகிறார்.

வளைகுடாவில் இருக்கும் மகன் வீடியோ காலில் ஐந்து நிமிடம் பேசுகிறார். அத்தா சிரித்த முகத்தோடு ஸலாமுக்குப் பதில் சொல்கிறார், துஆ செய்கிறார். "நல்லாத்தானே பேசுறாங்க, நீ ஏன் பெரிசுபடுத்துற?" என்று மகன் மனைவியிடம் கேட்கிறார். மறதி நோயாளிகள் குறுகிய நேரப் பேச்சில் நன்றாக இருப்பது போலவே தெரிவார்கள். பழக்கத்தில் ஊறிய உபசார வார்த்தைகள் கடைசி வரை நிற்கும். ஐந்து நிமிடம் பார்ப்பவருக்கு நோய் தெரியாது. இருபத்து நான்கு மணி நேரம் பார்ப்பவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதை நம்புங்கள்.

சகோதரர்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். பெற்றோர் முதுமையை அடைந்தால் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லைக்கூடச் சொல்லக்கூடாது என்ற 17:23 வசனத்தை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த வசனம் பெற்றோரின் முதுமையைப் பற்றிப் பேசும்போது 'உன்னிடத்தில்' என்ற பொருள்படத்தான் பேசுகிறது. பிள்ளையைப் பார்த்துப் பேசுகிறது. 'உன் மனைவியிடத்தில்' என்று சொல்லவில்லை. மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகள் மீது மார்க்கக் கடமை அல்ல, அது அவருடைய நற்குணம், அதற்கு அவருக்கு நற்கூலி உண்டு என்று ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். கடமை பிள்ளைகளுடையது. அந்தக் கடமையை ஒரு பெண்ணின் தோளில் இறக்கி வைத்துவிட்டு, சுவனத்தை மட்டும் நாம் எதிர்பார்க்கிறோம்.

பணம் அனுப்புவது உதவிதான். ஆனால் பணத்தால் தூக்கத்தைத் திருப்பித் தர முடியாது. உடன்பிறந்தவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து பின்வருபவற்றைப் பேசி முடிவு செய்யுங்கள்:

- வாரத்தில் ஒரு நாளாவது பராமரிப்பவருக்கு முழு ஓய்வு. அன்று யார் பொறுப்பு என்பது பெயர் சொல்லி முடிவாக வேண்டும்
- இரவுக் காவல் முறை வைத்துப் பிரிக்கப்பட வேண்டும்
- குளிப்பாட்டுவது, கழிவறைக்கு அழைத்துச் செல்வது போன்றவற்றை அத்தாவுக்கு மகன்கள், பேரன்கள் செய்ய வேண்டும். அவருடைய வெட்கமும் கண்ணியமும் காக்கப்படும்
- வெளியூரில் இருப்பவர்கள் உதவியாளருக்கான சம்பளத்தை ஏற்கலாம். விடுமுறையில் வரும்போது சில வாரங்கள் முழுப் பொறுப்பையும் எடுக்கலாம்
- போனில் அத்தாவை விசாரித்த பிறகு, "நீ எப்படிம்மா இருக்க? தூங்குனியா?" என்று பராமரிப்பவரையும் விசாரிக்க வேண்டும்

பராமரிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சோர்வு வருவது பாவம் அல்ல. எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மீறி அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை. உதவி கேட்பது உங்கள் பொறுமைக்குக் குறைவும் அல்ல. தூக்கம் போய், அழுகை நிற்காமல், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், 14416க்குப் பேசுங்கள். நீங்கள் விழுந்துவிட்டால் அவரைத் தாங்க ஆளில்லை.

கைநாட்டு வாங்கும் முன்

மறதி நோய் வந்த வீட்டில் சொத்துத் தகராறும் பின்னாலேயே வருவது உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று புரியாத நிலையில் உள்ளவரிடம் கைநாட்டு வாங்குவது சட்டப்படியும் செல்லாது, மார்க்கப்படியும் அநீதி. ஹிபா, விற்பனை இரண்டுக்குமே புத்தித் தெளிவு நிபந்தனை. அவர் தெளிவோடு இருக்கும்போது எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரம்கூட, அவர் புத்தித் தெளிவை இழந்தால் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி முடிவுக்கு வந்துவிடுகிறது. பலருக்கு இது தெரிவதில்லை. அதன்பின் நீதிமன்றம் மூலம் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டியிருக்கும்.

ஆகவே நோய் ஆரம்ப நிலையில் இருக்கும்போதே, அவரையும் வைத்துக்கொண்டு கடன், அமானிதம், ஜகாத், வங்கிக் கணக்கு, வஸிய்யத் ஆகியவற்றை எழுதி வையுங்கள். வஸிய்யத் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது நாம் அறிந்ததே. நிர்வகிக்க இயலாதவர்களின் பொருளைப் பாதுகாத்து, அதிலிருந்தே அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, கனிவாகப் பேசும்படி 4:5 வசனம் கட்டளையிடுகிறது. அவருடைய பணம் முதலில் அவருடைய மருத்துவத்துக்கே. வாரிசுரிமை அவர் மவுத்துக்குப் பிறகுதான்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

திருவண்ணாமலையிலும் ஆரணி, வந்தவாசி, செய்யாறு, போளூர், செங்கம் பகுதிகளிலும் ஜமாஅத்துகள் இருக்கின்றன. கல்யாணத்துக்கும் ஜனாஸாவுக்கும் ஓடிவரும் ஜமாஅத், இதற்கும் வரலாம். பெரிய செலவு தேவையில்லை.

செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். அதையொட்டிய ஜும்ஆவில் இந்த நோயைப் பற்றிப் பேசலாம். அரசு மருத்துவரை அழைத்து, பெண்களும் கலந்துகொள்ளும்படி ஒரு முகாம் நடத்தலாம். வழி மறந்த பெரியவர்களைத் தொழுகைக்கு அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விட இரண்டு இளைஞர்களை நியமிக்கலாம். மஸ்ஜிதில் அவர் ஸஃபில் தடுமாறினால் முணுமுணுக்காமல் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சக்கர நாற்காலி, நோயாளிக் கட்டில் வாங்கி வைத்து இரவல் கொடுக்கலாம். மஹல்லாப் பெண்கள் இருவர் வாரம் ஒரு முறை போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், அந்த வீட்டுப் பெண் நிம்மதியாகத் தூங்குவார். அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்தின் நன்மையை யாரால் அளக்க முடியும்?

நமக்கும் ஓர் எச்சரிக்கை

மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் தெரிவித்தது. அது பட்டியலிட்ட 14 காரணங்களில் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகைபிடித்தல், காது கேளாமை, பார்வைக் குறைபாடு, தலையில் அடிபடுதல், மன அழுத்தம், தனிமை, படிப்பின்மை ஆகியவை அடங்கும்.

நம் சமூகத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. நாற்பது வயதிலிருந்தே அவற்றைக் கட்டுக்குள் வையுங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த இரண்டுக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வண்டியில் போகும்போது ஹெல்மெட் போடுங்கள். காது மந்தமான பெரியவருக்குக் காதுக்கருவி வாங்கிக் கொடுங்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

தள்ளாத வயதில் நம்மையும் இந்த நிலை வந்தடையலாம். அன்று நம் கதவைக் கவனிக்கப் போவது, இன்று நாம் நம் பெற்றோரிடம் நடந்துகொள்வதைப் பார்த்து வளரும் பிள்ளைகள்தான். அத்தா நம் பெயரை மறந்துவிட்டார், உண்மைதான். அவர் யார் என்பதை நாம் மறக்கவில்லை அல்லவா? அது போதும். இன்று வீட்டுக்குப் போனதும் முதலில் அவருக்கு ஸலாம் சொல்லுங்கள். அடுத்து, அவரைப் பார்த்துக்கொள்பவரிடம் போய், "இன்னைக்கு ராத்திரி நான் பாத்துக்கிறேன், நீ தூங்கு" என்று சொல்லுங்கள்.

நோயுற்றோருக்கு இலகுவையும், அவர்களைச் சுமப்போருக்கு உடல் நலத்தையும் பொறுமையையும், நம் அனைவருக்கும் கடமையைப் பகிர்ந்துகொள்ளும் மனதையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.